வாசலில் ஒரு பச்சை வளையம்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கும்போதே செங்கல்பட்டுக் கடைத்தெருவில் வண்ண நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். பள்ளி விட்டு வரும் வழியில் அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பது எங்கள் வழக்கம். "பாதையைப் பார்த்து நடங்கள்" என்று அம்மா எத்தனை முறை சொன்னாலும், அந்த நாட்களில் மட்டும் எங்கள் கண்கள் தரைக்கு இறங்குவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டை அலங்கரிப்பதென்றால் யாருக்குத்தான் ஆசை இராது?

எங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் பங்கு உண்டு. நட்சத்திரமும் விளக்குகளும் அப்பாவின் பங்கு. பலகாரம் அம்மாவின் பங்கு. குடில் எங்கள் பங்கு. 'நாங்கள்' என்றால் அக்காளும் தங்கையும். எழுதுவது மூத்தவள்தான். ஆனாலும் செய்தது, கெடுத்தது, அழுதது எல்லாம் இருவரும் சேர்ந்தே ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

குடில் வேலையைப் பத்து நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவோம். பழைய தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகு தெளித்துத் தண்ணீர் காட்டினால், விழாவுக்குள் பச்சைப் பசேலென்று புல்வெளி தயாராகிவிடும். அதன் நடுவே வைக்கோல் வேய்ந்த தொழுவம், மாடு, கழுதை, இடையர்கள், மாதா, சூசையப்பர். பாலன் இயேசு மட்டும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பிறகே வந்து படுப்பார். அதுவரை தீவனத் தொட்டி வெறுமையாக இருக்கும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தாராம். மாடு கட்டிய தொழுவத்தைத் தினமும் பார்க்கிற நம் ஊர் மக்களுக்கு அதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை.

அடுத்தது விளக்குச் சரம். எங்கள் வீட்டில் இப்போது புதிய எல்.இ.டி. சரங்கள் இருந்தாலும், அப்பா ஒரு பழைய சரத்தை அட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அது குண்டு குண்டான வண்ணப் பல்புகள் கொண்டது. அதற்கு ஏன் 'சீரியல் லைட்' என்று பெயர் வந்தது என்பது பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம் படித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. 6 வோல்ட் பல்புகள் ஏறக்குறைய 40ஐத் தொடரிணைப்பில் கோத்தால், வீட்டிற்கு வரும் 230 வோல்ட் அவற்றுக்குள் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒரு பல்பு அணைந்தால் சரம் முழுவதும் இருண்டுவிடும். கெட்டுப்போனது எது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. பிளக்கை உருவிவிட்டு, நல்ல பல்பு ஒன்றை ஒவ்வோர் இடமாக மாற்றிப் பொருத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா பொறுமையாக அதைச் செய்யும்போது நாங்கள் சிரிப்போம். கிறிஸ்மஸ் மரத்தில் முதன்முதலில் மின்விளக்கு ஏற்றியவர் எடிசனின் நண்பரான எட்வர்டு ஜான்சன். 1882இல் நியூயார்க் நகரில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 பல்புகளை அவர் எரியவிட்டாராம். அவரும் எங்கள் அப்பாவைப் போலப் பல்பு மாற்றியிருப்பாரோ என்னவோ!

2024ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு இவற்றோடு ஒரு புதிய ஆசையும் எங்களைப் பிடித்துக்கொண்டது. அதுதான் பச்சை வளையம்.

அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மழையில் நனைந்துகொண்டே கோவிலுக்குப் போனோம். பீடத்தின் அருகே பசுந்தழையால் சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் இருந்தன. மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. பங்குத்தந்தை முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் அதன் கதையைச் சொன்னார். ஜெர்மனி நாட்டில் ஹாம்பர்க் நகரில் யோகான் விக்கெர்ன் என்ற லுத்தரன் சபைப் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தி வந்தார். பிள்ளைகள் தினமும் அவரிடம், "கிறிஸ்மஸ் எப்போது வரும்? இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரித்தார்கள். அவர் 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் அதன்மேல் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றிப் பிள்ளைகளே நாட்களை எண்ணிக்கொண்டார்கள். பிற்காலத்தில் அதுவே பசுந்தழை சுற்றிய வளையமாகிக் கத்தோலிக்க ஆலயங்களுக்கும் வந்து சேர்ந்தது. வட்டத்திற்கு முடிவில்லை, இறைவனின் அன்புக்கும் முடிவில்லை. பச்சை உயிரின் நிறம். சிஸ்டர் இப்படி விளக்கியபோது எங்களுக்கு உடனே ஒரு வளையம் வேண்டும்போல் இருந்தது. கடையில் பிளாஸ்டிக் வளையம் விற்றது. விலையைக் கேட்டதும் அம்மா, "உங்கள் கையில் விரல் இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் ஆயாவிடமிருந்து செய்தி வந்தது.

ஆயா என்றால் எங்கள் அப்பாவைப் பெற்றவர். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடலோரக் குப்பம் ஒன்றில் தனியாக இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் 24ஆம் தேதி செங்கல்பட்டுக்கு வந்து எங்களோடு விழாவைக் கொண்டாடிவிட்டு, 25ஆம் தேதி மாலையே ஊர் திரும்பிவிடுவார். "இந்த வருஷம் முட்டி வலி, பஸ் ஏற முடியாது, நீங்களே வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்! ஆயா வீட்டை அலங்கரித்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். ஆனால் அப்பா, "அங்கே நட்சத்திரம் எல்லாம் கட்ட வேண்டாம்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டோம். பதில் வரவில்லை. 'நட்சத்திரம்தானே கூடாது? வளையம் நட்சத்திரம் இல்லையே' என்று நாங்களாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டோம். யாருக்கும் தெரியாமல் பழைய விளக்குச் சரத்தையும் பையில் வைத்துக்கொண்டோம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து 24ஆம் தேதி காலையில் அம்மாவுடன் புறப்பட்டோம். அப்பா வேலை முடித்து மாலையில் வருவதாக ஏற்பாடு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் மலைக்கோவிலைத் தாண்டி மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பேருந்தைப் பிடித்தோம். ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் சவுக்குத் தோப்பு. தோப்புக்கு அப்பால் கடல் இரைவது கேட்டது.

ஆயா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அத்தையுடன் ஆட்டோவில் கோவளம் கார்மேல் மாதா கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருந்தார். அம்மா சமையலைக் கவனிக்கப் போனார். நாங்கள் தோப்புக்கு ஓடினோம். புயலில் முறிந்த சவுக்குக் கிளைகள் இன்னும் கிடந்தன. தரையில் விழுந்தும் பசுமை மாறாத கொத்துகளாகப் பார்த்துப் பொறுக்கினோம்.

சவுக்கின் தழையை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? ஊசி போல் இருப்பது இலை அன்று, மெல்லிய கிளைதான். உண்மையான இலைகள் அதன் கணுக்களில் சிறு செதில்களாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கணுவில் இழுத்தால் கழன்று வரும். மறுபடி செருகினால் பிரிந்த இடம் தெரியாது. 'எந்தக் கணுவில் பிரித்தேன், சொல்' என்று கடற்கரைப் பிள்ளைகள் விளையாடுவார்கள். நாங்களும் விளையாடினோம். இந்தத் தோப்புகள் விறகுக்கு மட்டுமல்ல, காவலுக்கும் ஆகும். சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த அறிஞர்கள், அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னால் நின்ற ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைக் கண்டு 2005இல் எழுதியிருக்கிறார்கள்.

பழைய சைக்கிள் டயர் ஒன்று கிடைத்தது. அதன்மேல் சவுக்குக் கொத்துகளை அடுக்கி, வலைக்கார நைலான் நூலால் இறுகக் கட்டினோம். சவுக்குக் காய்களைச் சிவப்புத் துணியில் முடிந்து கீழே தொங்கவிட்டோம். படத்தில் பார்த்தது போலவே அழகாக வந்திருந்தது. ஆயா வீட்டுக் கதவின் ஆணியில் அதை மாட்டிவிட்டு, ஓரமாக நின்று ஆயாவின் வருகைக்குக் காத்திருந்தோம்.

ஆட்டோ வந்து நின்றது. ஆயா இறங்கினார். வாசலைப் பார்த்தார். அப்படியே அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னாடி இது? யாரு செத்தாங்கன்னு வாசல்ல மலர்வளையம் வெச்சிருக்கீங்க?"

அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எங்களுக்கு உடல் நடுங்குகிறது. அம்மா ஓடி வந்து வளையத்தைக் கழற்றி உள்ளே கொண்டு போனார். ஆயா திண்ணையில் உட்கார்ந்தார். நாங்கள் பேசாமல் நின்றோம். எங்களில் இளையவள் அழத் தொடங்கிவிட்டாள்.

சிறிது நேரம் கழித்து ஆயாவே எங்களை அருகே அழைத்தார். அப்போதுதான் நாங்கள் அதுவரை கேட்டிராததைக் கேட்டோம்.

எங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்தார், சுனாமியில் போய்விட்டார் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது அது. 2004ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு, 19 வயதுச் சித்தப்பா மூங்கில் பத்தையை வளைத்து, வண்ணக் காகிதம் ஒட்டி, ஆள் உயரத்தில் ஒரு நட்சத்திரம் செய்தாராம். குடிசைக்கு மேலே கம்பம் நட்டு அதில் கட்டினாராம். கடலில் இருந்து பார்த்தாலும் அது தெரியுமாம். மறுநாள் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. கடல் பொங்கி வரப்போகிறது என்பது நம் கரையில் யாருக்கும் தெரியவில்லை. இன்று ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அன்று அது இல்லை. வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சித்தப்பா கரைக்குப் போனார். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனதும் கடல் வந்துவிட்டது. குடிசையும் இல்லை, கம்பமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோன நாள் அது.

"மூணாம் நாளு புள்ள கெடச்சான். அதுவரைக்கும் நம்ம குப்பத்துல செத்தவங்களுக்கு மாலைதான் போடுவோம். அன்னிக்குத்தான் யார் யாரோ வந்து வட்டமா ஒண்ணு வெச்சிட்டுப் போனாங்க. மலர்வளையம்னு சொன்னாங்க. நட்சத்திரம் கட்டினவனே போயிட்டான், இனிமே நட்சத்திரம் எதுக்குன்னு வுட்டுட்டேன்."

ஆயா அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். தேர்வில் எவ்வளவோ எழுதுகிறோம். ஆனால் வளையம் என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் என்ன பொருள் என்று யோசிக்க எங்களுக்குத் தெரியவில்லை. கதவில் வளையம் தொங்கினால் சில நாடுகளில் 'நல்வரவு' என்று பொருள். நம் ஊரில் அதைத் துக்க வீட்டுக்குத்தான் எடுத்துச் செல்கிறார்கள். ஆயாவுக்கோ அது ஒரே ஒரு நாளின் நினைவு.

மாலையில் அப்பா வந்தார். நடந்ததைக் கேட்டும் எங்களைக் கோபிக்கவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆயா, "அந்த வட்டத்த எதுக்குடி செஞ்சீங்க?" என்று கேட்டார். நாங்கள் தயங்கித் தயங்கி ஹாம்பர்க் பிள்ளைகளின் கதையைச் சொன்னோம். எத்தனை நாள், எத்தனை நாள் என்று கேட்டுக் காத்திருந்த பிள்ளைகள், வண்டிச் சக்கரம், நாளுக்கொரு மெழுகுவர்த்தி.

"அப்போ அது போனவங்களுக்கு இல்ல. வர்றவங்களுக்கா?"

"ஆமாம் ஆயா."

ஆயா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எடுத்தா அத. கதவுல வேணாம். இங்க வை" என்று திருக்குடும்பப் படத்துக்கும் சித்தப்பாவின் நிழற்படத்துக்கும் முன்னால் இருந்த பலகையைக் காட்டினார். வளையத்தைப் படுக்கவைத்தோம். ஆயா ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து தாமே நடுவில் ஏற்றினார்.

அந்தத் துணிவில் விளக்குச் சரத்தைப் பற்றியும் சொல்லிவிட்டோம். ஆயா அப்பாவைப் பார்த்தார். "நட்சத்திரம் வேணாம். வெளக்கு வேணா போடு" என்றார். சரம் வழக்கம்போல் எரியவில்லை. அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு பல்பாக மாற்றிப் பார்த்தார். இந்த முறை நாங்கள் சிரிக்கவில்லை. ஒன்று அணைந்ததனால் 20 ஆண்டுகளாக இருண்டிருந்த வீடு எங்கள் எதிரிலேயே இருந்ததல்லவா? கடைசியில் சரம் எரிந்தது. வாசல் நிலையைச் சுற்றிக் கட்டினோம். எதிர் வீட்டுப் பிள்ளைகள், "ஆயா வூட்ல லைட்டு!" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். அன்றிரவு கோவளத்தில் திருப்பலி கண்டு திரும்பும்போது ஆயாவின் வாசல் தூரத்திலேயே தெரிந்தது. அதே இரவில்தான் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் 2025 யூபிலி ஆண்டுக்கான புனிதக் கதவைத் திறந்தார் என்று பிறகு செய்தித்தாளில் படித்தோம்.

26ஆம் தேதி விடியலில் குப்பத்தார் அனைவரும் கரைக்குப் போனார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகவே நின்றார்கள். சிலர் பால் ஊற்றினார்கள். சிலர் பூத் தூவினார்கள். அந்தப் பச்சை வளையத்தையும் கடலுக்குத் தரவேண்டும் என்று ஆயா முன்தின இரவே சொல்லியிருந்தார். ஆனால் டயரையும் நைலான் நூலையும் பார்த்துவிட்டு, "இது ஆமைக் கழுத்துல மாட்டும், மீன் வயித்துல போவும். அவுத்துட்டுக் கட்டு" என்றார். தைக்குப் பிறகு முட்டையிட ஆமைகள் ஏறிவரும் கரை அல்லவா அது? நாங்கள் எல்லாவற்றையும் பிரித்தோம். தென்னங்கயிற்றை வளைத்து, தென்னை நாரால் மறுபடி கட்டினோம். முதல் வளையத்தைவிட இது கோணலாகத்தான் இருந்தது.

ஆயா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அதை விட்டார். அலை ஒரு முறை அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆயா மறுபடி தள்ளினார். இரண்டாம் முறை அது உள்ளே போயிற்று. வருபவருக்காகச் செய்த வளையம் போனவருக்கும் ஆயிற்று. ஒன்றுக்கொன்று பகை என்று நாங்கள் நினைத்த அந்த இரண்டு பொருளும் ஆயாவின் கையில் ஒன்றாகவே இருந்தன.

அன்புத் தோழியரே! அடுத்த டிசம்பரில் நீங்களும் நட்சத்திரம் கட்டுவீர்கள், குடில் அமைப்பீர்கள், சிலர் வளையமும் செய்வீர்கள். செய்யுங்கள். சவுக்கோ, மாவிலையோ, வேப்பந்தழையோ, உங்கள் ஊரில் எது கிடைக்கிறதோ அதில் செய்யுங்கள். ஆனால் ஆணி அடிப்பதற்கு முன் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வீட்டில் எந்த விளக்கு எப்போது அணைந்தது என்பது நமக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை, தவறு செய்தோம். அந்தத் தவறையும் இறைவன் நன்மையாக்கினார் என்றே நம்புகிறோம்.

புறப்படும்போது சரத்தைக் கழற்றப் போன அப்பாவை ஆயா தடுத்துவிட்டார். "மூணு ராஜா திருநாள் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். பேருந்து ஏறும் வேளையில் எங்களில் இளையவள் மெல்ல, "அடுத்த வருஷம் நட்சத்திரம் கட்டலாமா ஆயா?" என்று கேட்டாள்.

ஆயா 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. "மொதல்ல மூங்கில் பத்தை வளைக்கக் கத்துக்க" என்றார்.

நாங்கள் கற்றுக்கொண்டு வருகிறோம்.